குடியாட்சியும் குடிமக்கள் கடனும்

வாக்களிப்பு நிலையத்தினுட் புகுந்து, பெயரைச் சொல்லி, சீட்டைப் பெற்று, அடையாளமிட்டு, மடித்துப் பெட்டியில் இட்டுவிட்டு வெளியே வருவதற்கு ஒருவருக்குப் பத்து நிமிஷஞ் செல்லுமாயின் அதுவே அதிகம். வரிசையில் நிற்கும் நேரத்தை நாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. இத்துணை எளிதாக முடிந்துவிடும் ஒரு காரியத்தைப் பற்றி மேடையிலும் பத்திரிகையிலும் இவ்வளவு பேச்சு எதற்கு என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. எளிதிற் கிடைத்த பொருளின் விலையை எவரும் விசாரிப்பதில்லை. ஆனால், இந்தச் சீட்டு எமது முன்னோருக்கு எளிதிற் கிடைத்ததன்று; கிடைத்த பின்னரும் ஒரு சாராரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. மற்றொரு சாரார் அதைத் தாமாகவே ஒதுக்கி வைத்தனர். இவ்விரண்டினாலும் நேர்ந்தது என்ன என்பதை அறிந்தவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தைச் சிறிதென மதியார்.

உரிமையும் கடமையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று பேச்சாளர்கள் சொல்வது வழக்கம். கேட்பதற்கு இனிமையான உவமைதான். எனினும், எமது நாட்டின் சரித்திரத்தை நோக்கும்போது அவ்வுவமை அவ்வளவு பொருத்தமாக எமக்குத் தோன்றவில்லை. நாணயத்தின் இரு பக்கங்களும் ஒருவர் கையிலேயே இருப்பன. உரிமையும் கடமையும் அப்படியல்ல. எமக்குள்ள உரிமை அயலவர் தம் கடமையைச் செய்வதிலே தங்கியிருக்கின்றது. அயலவரின் உரிமை நாம் எமது கடமையைச் செய்வதிலே தங்கியிருக்கின்றது. ஒருவருக்குரியதை மற்றவர் காவாதொழியின் இருவரும் இழந்து நிற்பர். இதுவே நாம் ஈண்டு எடுத்துக்கூற விழையும் செய்தி.

முதலிலே பழைய காலத்தைச் சிறிது பார்ப்போம். 1911-ம் ஆண்டின் இறுதியில் 'படித்த இலங்கையர்' என்ற ஒரே ஓர் ஆசனத்துக்குச் சட்ட நிரூபண சபையிலே தேர்தல் நடைபெற்றது. அதில் வெற்றி பெற்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். அந்நாளில் இலங்கையின் சனத்தொகை நாற்பது இலட்சத்துக்கு மேல். அத்தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் ஏறக்குறைய மூவாயிரம் பேரே! கல்வித் தகுதியும் சொத்துத் தகுதியும் உடைய ஆண்கள் மாத்திரமே அவர்கள். கமக்காரனும், மீன் பிடிப்பவனும், தோட்டத்திற் கொழுந்து பறிப்பவளும் அரசாங்கத்துக்கு வரி கொடுத்தார்கள். வாக்குக் கொடுக்க அவர்களுக்கு இடமில்லை. பின்னர் வந்த திருத்தங்களால் வாக்காளர் தொகை பெருகியதாயினும், 1931-ம் ஆண்டுக்கு முன்னர் நூற்றுக்கு நாலு பேரளவிலேதான் அது நின்றது.

இந்நிலையை மாற்றியது டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் 1927-ம் ஆண்டு நவம்பரிலே கொழும்புக்கு வந்த விசாரணைக் குழு. அக்குழுவின் முன் சாட்சி கூறிய தலைவர்களுட் பெரும்பாலோர் எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்கவில்லை என்பது இன்று வியப்பாக இருக்கலாம். இராமநாதன் அவர்கள் அதனை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவ்வாண்டு டிசம்பரிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து அக்குழுவின் முன் சென்ற சீமாட்டிகள்கூட, படிப்போ சொத்தோ உள்ள பெண்களுக்கு வாக்குத் தந்தாற் போதும் என்ற அளவிலேயே கேட்டனர். 1928-ம் ஆண்டு வெளிவந்த அறிக்கையோ கேட்டதற்கு மேலே கொடுத்தது. ஆண்களுக்கு இருபத்தொரு வயதிலும் பெண்களுக்கு முப்பது வயதிலும் வாக்குரிமை அளிக்கலாம் என அது சிபாரிசு செய்தது. முடிவிலே இருபாலாருக்கும் இருபத்தொன்று என்றே வகுக்கப்பட்டது. இங்கிலாந்திலே பெண்களுக்கு ஆண்களோடொத்த வாக்குரிமை கிடைத்தது 1928-ம் ஆண்டிலேதான் என்பதையும், பாரதத்திலே வயதுவந்தோர் அனைவரும் பங்குகொண்ட முதற் பொதுத் தேர்தல் 1951-52-லேதான் நடந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போருக்கு, 1931-ம் ஆண்டு ஜூன் மாதத்திலே இலங்கையிலே நிகழ்ந்தது எத்தகைய புதுமை என்பது விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, அந்நிறம் பூசிய பெட்டிகளை வைத்தார்கள். வேண்டிய பெட்டியிலே சீட்டைப் போட்டுவிட்டு வருவதே வாக்களிப்பு. சேற்று வயலிலிருந்து வந்த கையும் பேனா பிடித்த கையும் அன்று ஒரே நிறை பெற்றன.

நிற்க. இத்தகைய புதுமை நிகழ்ந்த வேளையிலே யாழ்ப்பாணம் என்ன செய்தது?

யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் வெறுமையாய்க் கிடந்தன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்குக்கும் 1931-ம் ஆண்டு மே மாதம் 4-ந் திகதி நியமனப் பத்திரம் ஏற்கும் அலுவலர் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கார அழைப்பின் பலன் அது. அவ்வாலிபர்களைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையில் இயங்கிய அக்கூட்டம், காந்தியடிகளை 1927-ல் யாழ்ப்பாணத்துக்கு வரவேற்று, தாய்மொழிக் கல்விக்கும் சாதிக்கொடுமை ஒழிப்புக்கும் முன்னின்று உழைத்த கூட்டம். டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியத்தை அளிக்கவில்லை. ஆதலால் அதனை ஏற்றல் இழிவு என்பதே அவர்கள் கருத்து. தென்னிலங்கையும் தம்மோடு சேரும் என்றும் அவர்கள் நம்பினர். தென்னிலங்கை சேரவில்லை. அங்கே தேர்தல் நடந்தது, சபை கூடியது, மந்திரிகள் எழுவர் பதவியேற்றனர்.

அந்த எழுவருள் ஒருவர் தமிழர் என்பது இளைஞர் பலருக்குத் தெரியாத செய்தி. அவர் யாழ்ப்பாணத்தவரல்லர், மலைநாட்டைச் சேர்ந்த பெரி சுந்தரம் அவர்கள். அட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவு செய்யப்பட்டுத் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானவர். பல தலைமுறைகளாகக் கல்லூரிகளை வைத்திருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆசனங்கள் காலியாய்க் கிடக்க, தோட்டத் தொழிலாளர் சமூகத்தின் மகன் ஒருவர் மந்திரிசபையில் வீற்றிருந்தார். இதை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னர் வரும்.

மூன்று ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1934-ம் ஆண்டிலேதான் நான்கு தொகுதிகளுக்கும் உபதேர்தல் நடைபெற்றது. திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறையின் பிரதிநிதியாகச் சபைக்குட் புகுந்தது அவ்வாண்டிலே. புதிய சபையிலே நிருவாகக் குழுக்கள் அமைந்ததும், குழுத் தலைவர்களே மந்திரிகளாகும் வழக்கம் வேரூன்றியதும், உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பழகிக் கூட்டுச் சேர்ந்ததும் அந்த மூன்று ஆண்டுகளில். அப்போது வீட்டில் இருந்தவர்கள் பின்னர் வந்து வாதாடியது எவ்வளவு வல்லமையோடாயினும், முன்னரே பாய் விரித்து அமர்ந்தவர்களுக்குப் பின்னாலேயே நிற்கவேண்டியதாயிற்று. 1936-ம் ஆண்டு அமைந்த மந்திரிசபையிலே தமிழர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. இதற்குப் பகிஷ்காரமே காரணம் என்று நாம் கூறவரவில்லை, காரணங்கள் பல. ஆனால், பகிஷ்காரம் உதவவில்லை என்று மாத்திரம் துணிந்து கூறலாம்.

கொள்கைக்காக ஒதுங்கி நிற்பதும் குடிமகனின் உரிமையே என்பார் உளர். அதை நாம் மறுக்கவில்லை. 1931-ல் வாலிபர்கள் ஊரூராகச் சென்று பேசி, மக்களை இசையவைத்துத்தான் ஒதுங்கச் செய்தார்கள். 2005-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே நேர்ந்தது வேறு வகை. வாக்களிக்க வேண்டாமென வடக்கிலே விடுதலைப் புலிகளின் தரப்பிலிருந்து பரப்பப்பட்ட செய்திக்கு மக்கள் அடங்கினர். யாழ்ப்பாண மாவட்டத்திலே ஏழு இலட்சம் வாக்காளரில் வாக்களித்தோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அத்தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அச்சத்தினால் வீட்டில் இருத்தலை எவ்வகையாலும் உரிமை என்று சொல்லல் இயலாது. விரும்பி ஒதுங்கினும் வெருண்டு ஒதுங்கினும் பெட்டி எண்ணுவோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. வாராதவரின் எண்ணம் எப்பெட்டியிலும் இல்லை.

இனி, பறிக்கப்பட்ட கதைக்கு வருவோம்.

1947-ம் ஆண்டு நடைபெற்ற முதற் பாராளுமன்றத் தேர்தலிலே மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் தெரிவாயினர். திரு. சௌமியமூர்த்தி தொண்டமானும் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் சேர்ந்தோர். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்ததாற் மாத்திரம் ஒருவர் இலங்கைப் பிரசை ஆகார். தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிறப்புப் பதிவேட்டை எவரும் பேணாத தோட்டத்து லயத்திலே பாட்டன் பிறந்ததற்குச் சான்று எங்கே கிடைக்கும்? 1949-ம் ஆண்டில் இந்தியர் பாகிஸ்தானியர் வதிவோர்க்கெனத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. மணமானவராயின் ஏழு ஆண்டு, மணமாகாதவராயின் பத்து ஆண்டு தொடர்ந்து இங்கு வசித்ததைக் காட்டி விண்ணப்பித்தாற் பிரசாவுரிமை வழங்கப்படும் என்றது. அவ்வாண்டிலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரசை அல்லாதார் இடாப்பிற் பெயர் பெறமாட்டார்கள். 1947-ல் வாக்களித்த பல்லாயிரவர் 1952-ல் வாக்களிக்கவில்லை. மலைநாட்டிலிருந்து சென்ற ஏழு ஆசனமும் மறைந்தன.

இச்சட்டங்கள் நிறைவேறியபோது யாழ்ப்பாணத்தவர் என்ன செய்தனர் என்ற வினாவை எழுப்பாமற் போவது நேர்மையன்று. தமிழ்க் காங்கிரஸ் இவ்விஷயத்திலே இரண்டுபட்டது. பொன்னம்பலம் அவர்கள் முதற் சட்டத்தை எதிர்த்தார். பின் மந்திரிசபையிற் சேர்ந்து இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் அதனை ஏற்காது வெளியேறி, 1949-ம் ஆண்டு டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை அமைத்தார். இன்று மலைநாட்டவரின் உரிமை, நாளை எமது உரிமை என்ற எச்சரிக்கை அன்றே எழுந்தது. கேட்டவர்கள் சிலர். 'அது தோட்டத்தார் விஷயம்' என்று இருந்தவர்கள் பலர். பெரி சுந்தரம் அவர்களை நாம் மேலே குறிப்பிட்டதற்குக் காரணம் இதுவே. தமக்கு முன்னே மந்திரியை அனுப்பிய ஒரு சமூகம் பதினெட்டே ஆண்டுகளில் இடாப்பிலிருந்து அழிக்கப்பட்டபோது, அயலிலிருந்தவர் அதனைத் தம் இழப்பாகக் கருதவில்லை.

கேகாலை மாவட்டத்திலே கோடாக்கன் பிள்ளை என்ற ஒருவர் மாத்திரம் எளிதில் அடங்கவில்லை. வாக்காளர் இடாப்பிலே தமது பெயரைச் சேர்க்குமாறு அவர் கேட்டார். பதிவு செய்யும் அலுவலர் மறுத்தார். கோடாக்கன் பிள்ளை இடாப்பைத் திருத்தும் அலுவலரிடம் முறையிட்டார். ஒரு சமூகத்தவர் மீது மற்றையோருக்கு இல்லாத கட்டுப்பாட்டைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29-ம் பிரிவு கூறியிருந்தது. அதனைக் காட்டி, இப்பிரசாவுரிமைச் சட்டங்கள் செல்லா என்று அவ்வலுவலர் தீர்ப்பளித்தார்! ஒரு மாவட்டத்து அலுவலர் பாராளுமன்றத்தின் சட்டம் செல்லாது என்று எழுதிய துணிவை எம்மால் மெச்சாதிருக்க முடியவில்லை. உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கு லண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. யார் யார் தன் பிரசைகள் என வகுப்பது எந்த நாட்டுக்கும் உரிய அதிகாரம் என்று கூறி, 1953-ம் ஆண்டு கோமறைக் கழகமும் சட்டங்களைச் செல்லுபடியாக்கியது.

வழக்கிலே அவர் தோற்றார். ஆயினும், நாடெங்கும் நடந்த அநீதி ஒன்று சட்டப் புத்தகத்திலே ஒரு மனிதரின் பெயரோடு என்றும் நிற்கும்படி செய்தவர் அவர். சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் அவ்வழக்கைப் படித்தே தீரவேண்டும்.

எஞ்சிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சம் பேரளவிலே பிரசாவுரிமை கோரப்பட்டது. பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1964-ம் ஆண்டு ஒக்டோபர் 30-ந் திகதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, நாடற்றவர் எனக் கணக்கிடப்பட்டோர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதியைப் பின்னர் பார்ப்போம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரை யார் கேட்பர்? 1988-ம் ஆண்டும் 2003-ம் ஆண்டும் ஆக்கப்பட்ட சட்டங்களினாலேதான் கடைசியிலே எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை கிடைத்தது. பேரன் பெற்ற உரிமையைப் பாட்டன் காணவில்லை.

ஒருவர் உரிமையை மற்றவர் காத்தல் என்பது இனங்களுக்கிடையே மாத்திரம் உள்ள கடன் அன்று. எமது ஊருக்குள்ளேயும் அது உண்டு. இன்னுஞ் சொல்லப்போனால் அங்கேதான் அது கசப்பாக இருக்கின்றது. 1930-ம் ஆண்டளவிலே உதவி பெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளும் சமமாக அமரல் வேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது, யாழ்ப்பாணத்திலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்கள் வெள்ளைக்காரரல்லர். சர்வசன வாக்குரிமையை எம்மவர் சிலர் எதிர்த்ததன் உட்பொருளும், தமது வயலிற் கூலிக்கு நிற்பவனுக்கும் தமக்கும் ஒரே நிறையுள்ள சீட்டா என்பதே. 1957-ம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையிலோ, கடையிலோ, கோவிலிலோ தடுத்தல் குற்றம் என்றது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் வேறு குவளை இருந்தது. 1966-ம் ஆண்டு ஒக்டோபரிலே சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968-ல் மாவிட்டபுரத்து வாயிலிலே மக்கள் நிற்க வேண்டியிருந்தது. பாராளுமன்றம் தன் வேலையைச் செய்திருந்தது. கடைக்காரரும் கோவில் முதலாளியும் ஊரவரும் தம் வேலையைச் செய்யவில்லை. எமக்கு நீதி வேண்டுமெனக் கொழும்பை நோக்கிக் கேட்டுக்கொண்டே எம் கிணற்றடியில் அதை மறுத்தோம் என்பது எழுதுவதற்கு இனிய செய்தியன்று.

தற்காலத்துக்கு வருவோம். 1978-ம் ஆண்டின் அரசியலமைப்பு, இறைமை மக்களிடம் உள்ளதென்றும் அதனைப் பிரித்தல் இயலாதென்றும் 3-ம் உறுப்புரையிற் கூறுகின்றது. வாக்குரிமையும் அடிப்படை உரிமைகளும் அவ்விறைமையின் பகுதிகள். அதே நூலின் 28-ம் உறுப்புரையிலே குடிமக்களின் கடமைகளும் உள. அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணல், பொதுச் சொத்தைக் காத்து அதன் வீண்விரயத்தை எதிர்த்தல், பிறர் உரிமையை மதித்தல், இயற்கை வளத்தைப் பாதுகாத்தல் முதலியன. உரிமைகளைப் பற்றிப் பேசுவோருட் பெரும்பாலோர் அவ்வுறுப்புரையைப் புரட்டியதில்லை என்றே நினைக்கின்றோம். அதற்கு அடுத்த உறுப்புரை ஒரு விநோதமான செய்தியைச் சொல்லுகின்றது: இக்கடமைகளை எந்த நீதிமன்றத்தின் மூலமும் வலியுறுத்த முடியாது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். கடமையில் வழுவியவனை யாரிடம் கொண்டுசெல்வது? எவரிடமுமில்லை. இது குறையென்று சிலர் சொல்வர். எமது எண்ணம் வேறு. குடிமகன் தன் கடனைச் செய்தானா என்று பொலிசார் வந்து பார்க்கும் நாடு குடியாட்சி நாடாக நெடுநாள் இருக்காது.

மக்களின் வாக்கைக் கொண்டே மக்களின் வாக்கை ஒத்திவைக்கலாம் என்பதையும் இந்நாடு கண்டிருக்கின்றது. 1982-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே விளக்கும் குடமும் சின்னங்கள். விளக்குக்கு விழுந்தவை நூற்றுக்கு ஐம்பத்துநாலுக்குச் சிறிது மேல். அதன் பலனாக 1977-ல் தெரிவான பாராளுமன்றம் தேர்தலின்றியே 1988 இறுதி வரை நீடித்தது. பின்னொரு காலத்தில், 2023-ம் ஆண்டு நடத்தவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லையென்று கூறி நிறுத்தப்பட்டது. அதற்கெதிராகச் சிலர் நீதிமன்றம் சென்றனர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலே என்று 2024-ம் ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6-ல் தேர்தலும் நடந்தது. வடமாகாண சபையின் கதையோ இன்னுஞ் சிறந்ததன்று: 2013-ல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது, அதன்பின் ஆண்டுகள் பல அது பிரதிநிதிகளின்றியே கழிந்தன. இதுபற்றி வீதியிலே எத்தனை பேர் பேசினர் என்று எண்ணிப் பார்த்தால், தேர்தலை ஒத்திவைப்போருக்குத் துணிவு எங்கிருந்து வருகின்றது என்பது தெரியும்.

ஐந்து ஆண்டுக்கொருமுறை வாக்களித்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று இருப்போர்க்கு ஒரு வார்த்தை. 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கச் சட்டம் தகவலறியும் உரிமையைத் தந்திருக்கின்றது. 2017 பெப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. ஊர் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஒப்பந்தம் பெற்றவர் யார் என்று பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் எவரும் எழுத்திற் கேட்கலாம். எதற்காகக் கேட்கின்றீர் என்று அவர் வினவுதல் ஆகாது. மறுப்பாராயின் மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு. வாசிகசாலைத் திண்ணையில் இருந்து பிரதேச சபையைத் திட்டுவதற்குச் செலவாகும் நேரத்திற் பாதியில் அக்கடிதத்தை எழுதி முடிக்கலாம். திட்டுவது இன்பமானது என்பதை நாமும் அறிவோம்.

வாக்களிக்குமிடத்தும் கவனம் வேண்டும். 2024-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாமையால், இந்நாட்டுச் சரித்திரத்தில் முதன்முறையாக விருப்பத் தெரிவுகளை எண்ணும் இரண்டாம் சுற்று நடந்தது. அதே தேர்தலில் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் மூன்று இலட்சம் அளவு. வரிசையில் நின்று, மை பூசி, சீட்டைப் பெற்று, பின் அது எண்ணப்படாமற் போவது எவ்வளவு வீண்! ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என இலக்கமிட்டு விருப்பத்தைக் காட்டலாம்; புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்திட்டாற் சீட்டுக் கெடும். பாராளுமன்றத் தேர்தலிலோ முதலிற் கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடி, அதன் பின்னரே மூவர் வரை விருப்பு வாக்கு. கட்சியை விட்டுவிட்டு அபேட்சகர் இலக்கங்களுக்கு மாத்திரம் புள்ளடியிட்டவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை. வீட்டிலே பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஒரு கடதாசியிற் கோடுகீறிக் காட்டினாலே போதும்.

இவை யாவற்றுக்கும் முன்னே இடாப்பிலே பெயர் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கிராம அலுவலர் மூலம் படிவம் வீடுகளுக்கு வருகின்றது. அதனை நிரப்பாது தட்டிலே சொருகிவைக்கும் வீடுகள் எத்தனை! வீடு மாறியவர், மணஞ்செய்து வேற்றூர் சென்ற பெண், பதினெட்டு நிறைந்த பிள்ளை, கொழும்பிலே வேலை பார்ப்பவர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் விடுபடுகின்றன. வயதெல்லை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது 1959-ம் ஆண்டிலே. அவ்வுரிமை தமக்கு உண்டென்பதை அறியாமலே இருபத்தொன்றைத் தாண்டிவிடும் இளைஞர் இன்றும் உளர். இடாப்பு ஊரிலே பார்வைக்கு வைக்கப்படும் நாட்களிற் சென்று பார்த்தல் வேண்டும். தன் பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பதோடு நில்லாது, நடக்கமாட்டாத முதியவர் பெயரும், எழுத்தறியாத அயலவர் பெயரும், கணவனை இழந்து தனித்திருக்கும் பெண்ணின் பெயரும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இல்லையாயின் குறித்த திகதிக்கு முன் உரிமைக் கோரிக்கையை எழுதிக் கொடுக்கலாம். கோடாக்கன் பிள்ளை அன்று சென்று கேட்டதும் இதே இடாப்பிலே ஒரு வரிக்காகத்தான்.